கயிற்றில் கட்டிய சர்க்கார்

பிராஞ்சு தேசத்தில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள் என்ற சேதி, பிராஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த சிப்பித்துறைக்குக் கப்பலேறி வந்து சேர்வதற்குள், இங்கே அதே ராஜாவின் நீண்ட ஆயுளுக்காக மாதா கோயிலில் பாட்டுப் பூசை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரொட்டியும் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த ரொட்டிகளைச் சுட்டவள் சவரியாயி. அவள் கள்ளிறக்குகிற ஞானாதிக்கத்தின் மகள். மாவைப் புளிக்க வைக்கக் கள் வாங்க வந்துபோய்க்கொண்டிருந்த பெலிசியேன் என்ற பிராஞ்சுக்கார ரொட்டிக்காரர், ஒருநாள் கலயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் அப்படியே நின்றார். ஏன் நிற்கிறீர் என்று ஞானாதிக்கம் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சவரியாயியைப் பார்த்தார். அவ்வளவுதான் அவர்களுடைய கல்யாணப் பேச்சு. கோயிலில் மோதிரமும் போட்டுத் தாலியும் கட்டி, கடற்கரைத் தெருவில் அடுப்பு வைத்தார்கள்.

ஊரார் மரியாதையாக முசே என்று கூப்பிடும் பெலிசியேனின் வாயில் எல்லாச் சொல்லும் வரும், 'இல்லை' மட்டும் வராது. கொடுத்த காசுக்கு மேல் ஒரு ரொட்டி கேட்டால் சரி என்பார். நேற்று வாங்கியது இன்று காய்ந்துவிட்டது, மாற்றிக் கொடு என்றாலும் சரி என்பார். அதனால்தான் பாரீசிலிருந்து, இனிமேல் ராஜாவும் கிடையாது கவர்னரும் கிடையாது, ஊருக்கு ஐந்து பேர் சேர்ந்து ஆளவேண்டும் என்று உத்தரவு வந்து, பழைய கவர்னர் வெள்ளித் தட்டுகளை மூட்டைகட்டிக்கொண்டு வந்த கப்பலிலேயே திரும்பிப் போனபோது, ஐந்து பேரில் ஒருவராக உட்காரச் சொல்லி முதலில் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"யார் கூப்பிட்டாலும் போயிடுவீங்களா?" என்று கேட்டாள் சவரியாயி.

"கூப்பிட்டாங்களே, சவரி."

மற்ற நால்வரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பாட்டு வாத்தியார் கொலினே, யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசுவதற்கென்றே பிறந்தவர். அவுரி வியாபாரி, எதைக் கொடுத்தாலும் இது போதாது என்பவர். சாராயக்கடை முதலாளி, பாதித் தூக்கத்தில் எழுந்து, முன்னால் பேசினவர் சொன்னதேதான் என் கருத்தும் என்பவர். ஐந்தாமவர், புதுச் சட்டப்படி அங்கியைக் கழற்றிவிட்ட சாமியார். அங்கி போன பிறகும் ஊர்ச்சனம் அவரிடம் ஆசீர்வாதம் கேட்பதை நிறுத்தவில்லை, அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இந்த ஐவரும் கவர்னர் மாளிகையில் உட்கார்ந்து ஆண்டார்கள். ஆண்டார்கள் என்றால், ஒருநாள் கூட ஒரே முடிவுக்கு வராமல் பேசிப் பேசி, சவரியாயி அனுப்பும் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். இங்கிலீஷ்காரன் புதுச்சேரியையே பிடித்தவன், இந்த ஊரைப் பிடிக்க மறந்துபோனான் என்று ஜனங்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சர்க்காரால் யாருக்கும் ஒரு அடி விழுந்ததில்லை, ஒரு வீட்டுக் கதவும் உடைந்ததில்லை என்பதையும் அதே வாயால் சொல்வார்கள்.

அந்த ஐவருக்கும் கீழே ஒரு கப்பித்தான் இருந்தான். பெயர் ரவேல். முப்பது வயதுகூட ஆகாதவன், நல்ல உயரம், பேசினால் கல்லும் தலையாட்டும். அவனிடம் இருந்த சிப்பாய்கள் ஒரு புளியமரத்து நிழலில் அடங்கிவிடுகிற கூட்டம்தான், எல்லாரும் இந்த ஊர்ப் பிள்ளைகள், அதில் ஒருவன் சவரியாயியின் தம்பி சூசை. ஆனாலும் ரவேல் அவர்களை நடக்கவிட்டு ஓட்டிப் பழக்கும் அழகைப் பார்த்தால், பின்னால் இன்னும் ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்றே தோன்றும். அவன் மாளிகைக்குப் போய், நான் இனிமேல் கர்னல் என்றான். பேசிப் பேசி அலுத்துப்போய் ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். பனி மாதம் கழிந்து மறுபடி போய், நான் ஜெனரல் என்றான். கொலினே எதிர்த்தார், அவுரி வியாபாரி ஜெனரல் பட்டம் போதாது என்றார், சாராயக்கடை முதலாளி தூங்கினார், சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார், பெலிசியேன் சரி என்றார். கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பெலிசியேன், மணையில் உட்காரவில்லை, மணைக்கு நாலு விரற்கடை மேலே உட்கார்ந்திருந்தார்.

"சோறு ஆறுது. கீழ உட்காந்து சாப்பிடுங்க," என்றாள் சவரியாயி.

"உட்காந்துதான் இருக்கேன்."

அவள் அவருடைய தோளில் கைவைத்து அழுத்தினாள். தண்ணீரில் அழுத்தின கொட்டாங்கச்சி மாதிரி இறங்கினார், கையை எடுத்ததும் எழும்பினார். வாயுவாக இருக்கும் என்று பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். ரசத்தைக் குடித்தவர் இன்னும் ஒரு முழம் ஏறினார். பொழுது சாயும்போது உத்திரத்தில் முதுகு முட்டிக்கொண்டு, மேலேயிருந்து வருத்தமாக அவளைப் பார்த்தபடி மிதந்தார். சவரியாயி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க இருக்கிறதுதான் இருக்கீங்க, அந்த ஒட்டடையை எடுத்துவிடுங்க," என்றாள்.

மறுநாள் விசாரித்தால் மற்ற நாலு வீட்டிலும் இதே கதைதான். கொலினே முசே தன் வீட்டுப் பரணில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். சாராயக்கடை முதலாளி தூக்கத்திலேயே மிதந்து ஜன்னல் வழியாகப் பாதி வெளியே போய்விட்டவர், தொப்பை தடுத்ததால் தப்பினார். மீனவர் குப்பத்துத் தலைவரான நாட்டார் வந்து, பெலிசியேனின் காலைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வலைக்கயிறு வேலை," என்றார். குப்பத்தார் கயிறு கொடுத்தார்கள். கயிறு அறுத்து இடுப்பு புண்ணாகிவிடக் கூடாதே என்று நெசவுக்காரத் தெருவார் நாலு மடிப்பில் துணிப்பட்டை தைத்துக் கொடுத்தார்கள். உப்பளத்துக்காரர்கள் உப்பு மூட்டை அடுக்கும் தங்கள் கிட்டங்கியைக் காலிசெய்து கொடுத்தார்கள், அதன் கூரை தாழ்வு, காற்று மாதத்திலும் ஐவரும் பத்திரமாக இருக்கலாம். ஏன் இப்படி ஆனது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூசையை நிறுத்தினதால் என்றார்கள் சிலர், காகிதத்தையே தின்று வாழ்ந்தால் காகிதமாகத்தான் போவான் என்றார்கள் சிலர். நாட்டார் மட்டும், மிதக்கிறது மிதக்கும், முழுகுறது முழுகும், நம்ம வேலை கயிற்றைப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டதால், காரணம் தேடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சிப்பித்துறையில் சர்க்கார் நடந்த அழகை வேறெங்கும் பார்க்க முடியாது. மனுக் கொண்டுவருகிறவர்கள் ஐந்து கயிற்றில் ஒன்றைப் பிடித்து மெல்ல இரண்டு இழு இழுப்பார்கள், மேலேயிருந்து ஒரு முகம் குனியும். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று வருகிற இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பேசவேண்டும் என்று வழக்கமானது. கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் ஒருவனை ஒருவன் அடிக்க வழியில்லை, விட்டால் சர்க்கார் பறந்துவிடும் என்ற பயத்தில் பேச்சும் தணிந்தே வந்தது, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததும் சமாதானமாகிப் போனார்கள். அடம்பிடிக்கும் குழந்தைகளைத் தாய்மார்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அதோ பார் சர்க்கார், என்று காட்டிச் சோறூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐவரையும் வெளியே காற்றாட விடுவார்கள், யார் கயிற்றைப் பிடிப்பது என்று அன்றைக்குத் தெருவுக்குத் தெரு போட்டி. ராஜா இருந்த காலத்தில் சர்க்காரைக் கண்டால் ஒதுங்கி நின்ற ஜனங்கள், கையில் பிடித்துப் பார்த்த பிறகு அதன்மேல் பாசமாகிவிட்டார்கள்.

சவரியாயி தினமும் சாயங்காலம் கிட்டங்கிக்குப் போய், புருஷனைப் பாய் சுருட்டின மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். எதிரே வருகிறவர்கள், "முசே சௌக்கியமா?" என்று அவளைக் கேட்பார்கள். "சௌக்கியம்," என்று கக்கத்திலிருந்து அவர் பதில் சொல்வார்.

ரவேல் முதலில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிக்காமல் பார்த்தான். பிறகு ஒரு நாள் காலையில் ரொட்டிக்கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். அவன் பிராஞ்சில் பேசுவான், சவரியாயிக்குக் கேட்டுக் கேட்டு அந்தப் பாஷை புரியும். அவள் தமிழில் பதில் சொல்வாள், அவனுக்கு அது புரியும்.

"மதாம், உங்கள் கணவரை எனக்கு ஒரு காலைப்பொழுதுக்குக் கொடுங்கள்."

"அவரு என்ன ஏணியா, இரவல் கொடுக்க?"

அவன் சிரித்தான். மாவு படிந்த பலகையில் ஒரு வரைபடத்தை விரித்தான். ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம், அதற்கு அக்கரையில் இங்கிலீஷ்காரன் கோட்டை. சண்டைச் சேதி வந்ததிலிருந்து படகுப் போக்குவரத்து நின்றுபோய்விட்டது. இக்கரையில் எந்தப் பனையில் ஏறினாலும் அக்கரையில் மணல்மேடும் மதிலும்தான் தெரியும், உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. காலியாக இருந்தால் ஒரே காலையில் பிடித்துவிடலாம், அதைப் பிடித்தால் அங்கிருக்கும் பீரங்கிகளைக் கொண்டு அடுத்த கோட்டை, அதற்கடுத்தது தஞ்சாவூர், அதற்கடுத்தது என்று அவன் விரல் வரைபடத்தில் ஓடி ஓடிப் பலகையின் விளிம்பைத் தாண்டி, அவள் பிசைந்துவைத்திருந்த மாவில் போய்க் குத்தி நின்றது.

"நம்ம ஊரு எங்க?" என்று கேட்டாள்.

அவன் விரலைத் திருப்பிக் கொண்டுவந்து ஒரு புள்ளியைக் காட்டினான். ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளம் போல இருந்தது.

"இந்தப் புள்ளிக்குள்ளே எனக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, மதாம்," என்றான். அதை அவன் சொன்ன விதத்தில், பசியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்த மாதிரி அவளுக்கு மனசு இளகி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு ரொட்டியை அவன் கையில் வைத்தாள். அதே நேரம் உத்திரத்திலிருந்து, "சரி," என்று ஒரு குரல் கேட்டது.

ரவேல் போனபிறகு அவள் கயிற்றைப் பிடித்து இழுத்து அவரை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"கோட்டை காலின்னு நீங்க சொன்னா அவன் சண்டைக்குப் போவான். போனா சூசைதான் முதல் படகுல இருப்பான். அவன் பெஞ்சாதி மாசமா இருக்கா. தெரியுமில்ல?"

"பார்த்ததைத்தானே சொல்லமுடியும், சவரி."

பொய் சொல்லுங்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் அதற்கும் சரி என்பார். அப்புறம் ரவேல் வேறு மாதிரி கேட்டால் அதற்கும் சரி என்பார். அவரை உண்டாக்கின கடவுள் இன்னொரு சொல்லைக் கொடுக்க மறந்துவிட்டார், யாரைக் குறைசொல்வது என்று நினைத்துக்கொண்டு மாவைப் பிசைந்தாள்.

குறித்த நாளில் முகத்துவாரத்து மணலில் ஊரே கூடியது, ஐவரையும் கயிற்றோடு கூட்டிவந்திருந்தார்கள். குப்பத்தில் இருந்த கயிறெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து ஒரே கயிறாகிச் சுருளாகக் கிடந்தது. சிப்பாய்கள் படகுகளுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்கள். சூசை அக்காவைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பில் பயம் தெரிந்தது. கயிற்றின் நுனியைச் சிப்பாய்கள் வாங்க வந்தபோது சவரியாயி கொடுக்கவில்லை. "என் புருஷன் நுனி என் கையிலதான்," என்று சொல்லி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நாட்டார் மட்டும் அவளுக்குப் பின்னால் நின்று ஒத்தாசைக்குப் பிடித்தார்.

பெலிசியேன் ஏறினார். முதலில் அவருடைய பூட்சின் அடித்தேய்மானம் தெரிந்தது, பிறகு காலும் தெரியாமல் ஒரு கோட்டு மட்டும் தெரிந்தது, பிறகு பனந்தோப்புக்கு மேலே, பருந்துகள் வட்டமிடும் உயரத்தில், ஒரு கறுப்புப் புள்ளியாக நின்றார். கயிறு அவள் கையில் விறைத்து நின்றது. சுட்டுவிடுவார்களோ, இப்போது வெடிச்சத்தம் கேட்குமோ என்று அவள் காது முழுக்க அக்கரையிலேயே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரவேல், கப்பல்காரர்கள் பேசுகிற தகரக் குழலை வாயில் வைத்து, எளிதில் சரி சொல்லும்படியாகவே கேள்வியைப் போட்டான்.

"கோட்டை காலிதானே?"

மேலேயிருந்து கடற்காற்றில் ஒரு குரல் வந்தது. அது யாருடையது என்று ஒரு கணம் சவரியாயிக்கே தெரியவில்லை.

"இல்லை."

ஊர்ச்சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை பேர்?"

"நிறைய. கோட்டைக்குள்ளே ஒரு பட்டாளம். மேட்டுக்குப் பின்னால் ஒரு கப்பலும் நிற்கிறது."

ரவேல் குழலை இறக்கினான். அவனுக்குச் சந்தேகம். பெலிசியேனை இறக்கிவிட்டு, அதே கயிற்றில் கொலினேயைக் கட்டி ஏற்றச் சொன்னான். பெலிசியேன் வெள்ளை என்றால் கொலினே கறுப்பு என்பார், இது ஊரறிந்தது. கொலினே ஏறினார், வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ரொட்டிக்காரன் சொன்னது சுத்தப் பொய்!" என்று கத்தினார். சவரியாயி கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "ஒரு கப்பலாம் கப்பல்! எனக்கு மூன்று தெரிகிறது. இவனுக்கு எண்ணவே தெரியாது!"

அவுரி வியாபாரியை ஏற்றினார்கள். இரண்டு பேரும் போதிய அளவு பார்க்கவில்லை, மதில் முழுக்கப் பீரங்கி, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றார். சாராயக்கடை முதலாளி மேலே போய், கண்ணைக் கசக்கிப் பார்த்து, முன்னால் போனவர்கள் சொன்னதேதான், ஒரு பீரங்கி கூடக் குறைவில்லை என்றார். கடைசியாகச் சாமியார். அவர் மேலே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சுவாமி, நீங்களாவது சொல்லுங்கள்," என்று ரவேல் குழல் இல்லாமலே கத்தினான்.

"அங்கே இருக்கிறதை உன்னால் ஜெயிக்க ஆகாது, மகனே," என்றார் சாமியார். "வீட்டுக்குப் போ."

சர்க்கார் ஏற்பட்ட நாளாய் அந்த ஐவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றைக்குத்தான். ரவேல் மணலில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்து, காற்றில் அது படபடக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிப்பாய்கள் மெதுவாகத் துப்பாக்கிகளைச் சாத்திவைத்தார்கள். சூசை ஓடிவந்து, அக்காவின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான். அவள் கை கன்றிப்போயிருந்தது.

அந்த வாரமே ரவேல் துறையில் நின்ற ஒரே கப்பலில் ஏறினான். மூன்று கப்பலும் ஒரு பட்டாளமும் எதிரே இருக்கும்போது இந்த ஊரைக் காப்பாற்றமுடியாது, தேசத்துக்குப் போய்ப் பெரிய சேனையோடு திரும்பிவருவேன் என்று ஐவரிடமும் சொன்னான். திரும்பிவரமாட்டான் என்று அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பயணத்துக்காகச் சவரியாயி இரட்டை வேக்காடு போட்டுக் கெட்டி ரொட்டி ஒரு கூடை கொடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்து, கன்றின இடத்தைப் பார்த்து, அதன்மேல் முத்தமிட்டான். "பெரிய ஊரா பார்த்துப் போங்க தம்பி," என்றாள் அவள். "ஆனா வேளாவேளைக்குச் சாப்பிடுங்க." கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை சிப்பாய்களில் பலபேர் அழுதார்கள். அவனைப் போலத் தங்களை நிமிர்ந்து நடக்கவைத்தவர்கள் யாருமில்லை என்பதும் உண்மைதான்.

கப்பல் போனபிறகு, ஏன் என்று யாருக்கும் தெரியாமல், ஐவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடை திரும்பியது. முழுசாக இல்லை. பெலிசியேன் ஒரு மரக்கால் மாவைத் தூக்கிக்கொண்டால் தரையில் கால் பாவும், கீழே வைத்தால் கொக்கு மாதிரி எட்டி எட்டி வைத்து நடப்பார். கயிறு பிடித்துப் பழகின ஜனங்கள்தான் கொஞ்சநாள் வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் மாவுக் கலயத்தை மடியில் வைத்து அவர் உட்கார்ந்திருந்தார். சவரியாயி அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். சூசைக்குப் பெண்குழந்தை பிறந்து முதல் வாரம். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு மேல நிஜமா என்ன பார்த்தீங்க?"

அவர் மடியிலிருந்த கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கோட்டை காலி, சவரி."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மைசூர்ச் சண்டைக்கு எல்லாரும் போயிட்டாங்க போலிருக்கு. கப்பல் கிடையாது. பீரங்கி மேல ஆடு படுத்திருந்துச்சு. ஒரே ஒரு சிப்பாய்தான். நம்ம பக்கத்து ஆளுதான், வயசானவன். சட்டையைத் துவைச்சுக் கொடியில காயப்போட்டுக்கிட்டிருந்தான். ரவேல் போயிருந்தா கஞ்சி காயுறதுக்குள்ள பிடிச்சிருப்பான். அவன் நினைச்சது சரிதான். பெரிய ஆளா ஆகியிருப்பான்."

"அப்புறம் ஏன் இல்லைன்னீங்க? சூசைக்காகவா?"

"சூசையை நினைச்சுக்கிட்டேதான் போனேன். ஆனா பார்த்ததைத்தான் சொல்லணும்னு இருந்தேன்." அவர் மாவில் விரலால் கோடு போட்டார். "அந்த ஆளு கொடியில சட்டையைப் போட்டுட்டு நிமிர்ந்தான். ஆகாசத்துல என்னைப் பார்த்தான். துப்பாக்கியை எடுப்பான்னு நினைச்சேன். எடுக்கல. கையைத் தூக்கி ஆட்டினான்."

"நீங்க?"

"நானும் ஆட்டினேன். அதுக்கப்புறம் எப்படி சரின்னு சொல்றது?"

சவரியாயி துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"மத்த நாலு பேரும்?"

"நான் கேட்கல. அவங்களுக்கும் ஆட்டியிருப்பான். ஆட்டுற ஆளு மாதிரிதான் இருந்தான்."

மறுநாள் காலை, முகத்துவாரத்தில் படகுப் போக்குவரத்து மறுபடி தொடங்கியிருந்ததால், சவரியாயி முதல் சூட்டு ரொட்டியில் ஆறேழை எடுத்துத் துணியில் சுற்றி, ஒரு கூடையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனாள். படகுக்காரர் கூடையை வாங்கி, சூடு தாங்காமல் கை மாற்றிப் பிடித்தார்.

"அக்கரையில யாருக்குக் கொடுக்கணும்? பேரு என்ன?"

"பேரு தெரியாது," என்றாள் சவரியாயி. "கோட்டையில சட்டை காயப்போடுறவருக்குன்னு சொல்லிக் கொடுங்க."